ஐ3 லேப்டாப்புல வீடியோ மிக்ஸிங்: காசு கட்டாம எதுல பண்றது?

03-08-2025, ஞாயிறு காலை

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருத்தர் கேட்டது, அப்படியே போடறேன்:

"அண்ணே, வியாசர்பாடில சனி ஞாயிறு ஃபுட்பால் மேட்ச் நடக்கும், அதை போன்ல எடுக்கறேன். வெட்டி ஒட்டி அஞ்சு நிமிஷமாக்கிப் போடணும். லேப்டாப் ஐ3, 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. மாசாமாசம் பணம் கட்டற சாஃப்ட்வேர் நமக்குக் கட்டுப்படியாகாது. ஃப்ரெண்டு ஒருத்தன் கிராக், அதான் காசு கட்டற சாஃப்ட்வேரோட திருட்டுக் காப்பி, வச்சிருக்கான், பென் டிரைவ்ல தரேங்கறான். இலவச சாஃப்ட்வேர்ல பண்ணா வீடியோ நல்லாவே வராதுன்னும் அவன்தான் சொல்றான். உண்மையா?"

03-08-2025, இரவு

உன் ஃப்ரெண்டு சொல்றது உண்மை இல்ல. நான் கொருக்குப்பேட்டை. பாரிமுனைல ஒரு கிளியரிங் ஆபீஸ்ல பில் போடற வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா எங்க மன்றத்துல கேரம் மேட்ச் எடுப்பேன், பத்து வருஷமா. யாரும் காசு கொடுக்கறதில்ல, நானும் கேக்கறதில்ல. சாஃப்ட்வேருக்குன்னு என் கையில இருந்து காசு போனது ஒரே ஒரு தடவை. அதுவும் ஏமாந்து போனது. அந்தக் கதை அப்பால.

டாவின்சி ரிசால்வ் இறக்கிக்கோ. இலவசம். வாட்டர்மார்க் (வீடியோ மேல அவங்க பேர்) கிடையாது. 4கே வரைக்கும், செகண்டுக்கு 60 ஃபிரேம் (படம்) வரைக்கும் எக்ஸ்போர்ட் ஆவும். ஒரு காலத்துல படக் கம்பெனிங்க கலர் பாக்கறதுக்கு லட்சக்கணக்கான டாலர் கொட்டி வாங்கின மிஷின் அது. 2009ல ஆஸ்திரேலியாவோட பிளாக்மேஜிக் அதைப் பண்ற கம்பெனியை வாங்கினாங்க, அப்புறம் இலவசப் பதிப்பும் விட்டாங்க. காசு கொடுக்கற ஸ்டூடியோ பதிப்பு 295 டாலர், வாழ்க்கைல ஒரு தடவை. நம்ம காசுல 25,000 ரூபாய்க்கு மேல வரும். நமக்கு அது வேணாம், இலவசமே போதும்.

முடிஞ்சது. போய் எடிட் பண்ணு.

04-08-2025

முடியல. நேத்து தூக்கக் கலக்கத்துல உன் லேப்டாப் என்னன்னு ஒழுங்கா படிக்காமயே பதில் போட்டுட்டேன். ஐ3, 8 ஜிபி, கிராஃபிக்ஸ் கார்டு இல்ல. ரிசால்வோட பாரத்துல பெரும்பகுதி கிராஃபிக்ஸ் கார்டு மேலதான். ராமும் 16 ஜிபியாவது கேக்கும். உன்னுதுல திறக்கும், திறந்து மூச்சு வாங்கும்.

என்னுது ஐ5, ஏழாவது தலைமுறை, ரிச்சி தெருவுல ரெண்டாம் கையா வாங்கினது. அதுல ரிசால்வ் போட்டு மொத நாள் டைம்லைன்ல, அதான் துண்டுங்களை வரிசையா அடுக்கற இடத்துல, ஓட்டிப் பாத்தேன். ஸ்ட்ரைக்கர் இந்தப் பக்கம் இருந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் இருந்துச்சு. நடுவுல போனதை நான் பாக்கல. குத்தம் சாஃப்ட்வேர் மேல இல்ல. மாட்டு வண்டியில கன்டெய்னரை ஏத்தினவன் நான்.

அதனால நேத்து சொன்னதுல ரிசால்வ் வரைக்கும் அடிச்சுடு. "உன் ஃப்ரெண்டு சொல்றது உண்மை இல்ல" மட்டும் நிக்கட்டும்.

05-08-2025

கிராக் பத்தித் தனியா எழுதணும்னு நினைச்சேன். சுருக்கமா சொல்றேன், நீளமா சொன்னா எனக்கே வயிறு எரியும்.

2016. ஒரு கடையில பென் டிரைவ்ல ஏத்திக் கொடுத்தாங்க. கடை பேரும் வேணாம், சாஃப்ட்வேர் பேரும் வேணாம். "இன்ஸ்டால் பண்றப்ப ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க சார்"னு சொன்னார். பண்ணேன். வீட்டுக் கதவைத் திறந்து வச்சிட்டு வெளியூர் போற மாதிரிதானே அது? அன்னிக்குப் புரியல. நாலு நாள் கழிச்சுப் பாத்தா எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் ஒரு வால் முளைச்சிருக்கு. எதுவும் திறக்கல. டெஸ்க்டாப்புல ஒரு கடுதாசி, இவ்ளோ டாலர் கட்டுனா சாவி தருவோம்னு. என் பொண்ணு காதுகுத்து வீடியோ அதுலதான் இருந்துச்சு. அவளுக்கு இப்ப பதினோரு வயசு. அப்பப்ப கேப்பா.

வேணாம் தம்பி. அவ்ளோதான்.

05-08-2025, கொஞ்ச நேரம் கழிச்சு

இன்னொண்ணு. பழைய விண்டோஸ் மூவி மேக்கரைத் தேடிப் போய் மாட்டிக்காத. மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. அதே வருஷம் அதே பேர்ல ஒரு போலி சுத்திச்சு. எல்லாத்தையும் எடிட் பண்ண விட்டுட்டு சேவ் பண்ணப் போறப்ப காசு கேக்கும். பிரியாணியைத் தட்டுல போட்டுட்டு, கையை வைக்கறப்ப பில்லை நீட்டற கதை.

மைக்ரோசாஃப்ட்தான் வேணும்னா கிளிப்சாம்ப் இருக்கு. 2021ல அவங்க வாங்கினது. விண்டோஸ் 11ல கூடவே வரும். இலவசத்துலயே 1080பி வரைக்கும் வாட்டர்மார்க் இல்லாம தரும். அஞ்சு நிமிஷ வீடியோவுக்கு ஓகே. ஒன்றரை மணி நேர மேட்ச்சை அப்படியே தூக்கி அதுல போடணும்னா நான் யோசிப்பேன்.

09-08-2025, சனி

இந்தக் குறிப்புதான் முக்கியம், மத்ததைப் படிக்கலைன்னாலும் இதைப் படி.

நாலஞ்சு வருஷம் முன்னாடி நாப்பது நிமிஷ மேட்ச் ஒண்ணு போட்டேன். ஆரம்பத்துல எல்லாம் சரி: ஸ்ட்ரைக்கர் காயைத் தொட்டதும் 'டக்'. பத்தாவது நிமிஷத்துல லேசா ஒரு உறுத்தல், என்னன்னு புரியல. முப்பத்தஞ்சாவது நிமிஷத்துல பாத்தா காய் பாக்கெட்ல விழுந்து வலைக்குள்ள ஆடிட்டு இருக்கு, அப்புறம் 'டக்'. மன்றத்துப் பசங்க சொன்னானுங்க: "இன்னா அண்ணே, மின்னல் முதல்ல, இடி அப்புறமா?"

சாஃப்ட்வேர்தான் மோசம்னு முடிவு பண்ணேன். மாத்தினேன். அதுலயும் அதே. இன்னொண்ணு மாத்தினேன். அதுலயும் அதே. மூணு மாசம், மூணு சாஃப்ட்வேர். ஒவ்வொண்ணுலயும் பட்டன் எங்க இருக்குன்னு கத்துக்கவே ரெண்டு வாரம். கடைசில பாத்தா குத்தம் என் போன்ல. குத்தம்னு கூட சொல்லக்கூடாது, அது அப்படித்தான் வேலை செய்யும்.

போன் 30 ஃபிரேம்னு சொல்லும், ஆனா சீரா 30 எடுக்காது. வெளிச்சம் கம்மியானா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கும், அதனால செகண்டுக்கு ஃபிரேம் குறையும். சூடானாலும் தடுமாறும். சத்தம் மட்டும் ஒரே சீராப் பதிவாகும். எடிட்டிங் சாஃப்ட்வேர் "இது 30 ஃபிரேம் வீடியோ"ன்னு நம்பி, படத்தை ஒரே தாளத்துல அடுக்கும். ஆரம்பத்துல வித்தியாசம் தெரியாது. நிமிஷம் ஏற ஏற படமும் சத்தமும் விலகிக்கிட்டே போகும். எடிட் பண்றவங்க இதை வேரியபிள் ஃபிரேம் ரேட்டும்பாங்க. பேச்சு வீடியோவுல வாய் அசையறதுல தெரியும். கேரம்ல 'டக்'லயே தெரிஞ்சுடும், உனக்கு பந்தை உதைக்கறப்ப தெரியும்.

கண்டுபிடிக்க மீடியாஇன்ஃபோன்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர், இலவசம். ஃபைலை அதுல போட்டா ஃபிரேம் ரேட் மோடு வேரியபிளா கான்ஸ்டன்ட்டான்னு ஒரு வரியில சொல்லிடும். வேரியபிள்னு வந்தா எடிட் பண்றதுக்கு முன்னாடியே மாத்திடு. ஹேண்ட்பிரேக் இருக்கு, அதுவும் இலவசம். வீடியோ பகுதியில ஃபிரேம் ரேட் 30ன்னு வச்சு, கான்ஸ்டன்ட்டைத் தட்டி ஓட விடு. உன் ஐ3ல நேரம் எடுக்கும். ராத்திரி போட்டுட்டுப் படு.

10-08-2025, ஞாயிறு

சரி, கேட்ட கேள்விக்கு வரேன். எது?

நான் இப்ப யூஸ் பண்றது கேடென்லைவ். இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸ்லயும் ஓடும். உன் லேப்டாப்புக்கு அதுல இருக்கற பெரிய வசதி ப்ராக்ஸி. பெரிய வீடியோவுக்கு ஒரு சின்ன நகல் பண்ணி வச்சுக்கும், நீ வெட்டறது ஒட்டறது எல்லாம் அந்த நகல் மேல. கடைசில ரெண்டர் பண்றப்ப, அதான் எல்லாத்தையும் சேர்த்து ஒரே வீடியோ ஃபைலா ஆக்கறப்ப, ஒரிஜினலை எடுத்துக்கும். ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல ப்ராக்ஸியை ஆன் பண்ணு, பழைய லேப்டாப்புக்கு உசுரு வந்த மாதிரி இருக்கும்.

ஆனா உஷாரு. ரெண்டர் பண்ற இடத்துல "ப்ராக்ஸியை வச்சு ரெண்டர் பண்ணு"ன்னு ஒரு டிக் இருக்கு. அவசரத்துக்கு அதை ஒருநாள் தட்டிட்டு மறந்துட்டேன். அரையிறுதி மேட்ச்சை ஏத்தியும் விட்டேன். "ரெட் எது, கருப்பு எதுன்னே தெரியலயே அண்ணே, போர்டுக்கு மேல போரிக் பவுடர் மூட்டையே கொட்டிட்டீங்களா"ன்னு கேட்டான் ஒருத்தன்.

11-08-2025

மாதவரத்துல இருந்து ஒருத்தர் ஷாட்கட்னு இன்னொரு இலவச எடிட்டிங் சாஃப்ட்வேரை ஏன் சொல்லலன்னு கோவிச்சிருக்கார். நியாயம்தான். கேடென்லைவ், ஷாட்கட் ரெண்டுக்கும் அடியில ஓடற இன்ஜின் ஒண்ணே, எம்.எல்.டி. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர்தான் ஷாட்கட்டையே எழுதறார். ஷாட்கட் எளிமை. முக்கியமா, நான் சனிக்கிழமை புலம்பின வேரியபிள் ஃபிரேம் வீடியோவைப் போட்டா அதுவே கண்டுபிடிச்சு, "இது எடிட்டுக்கு ஆகாது, மாத்தித் தரட்டுமா?"ன்னு கேக்கும். கேடென்லைவும் கேக்கும். அன்னிக்கு அதே மாதிரி ஒரு பெட்டி என் கண்ணு முன்னாடியும் வந்திருக்கு, படிக்காமயே மூடியிருக்கேன். மூணு மாசம் வீணானதுல என் பங்கு அது.

மாத்தின ஃபைல் ஒரிஜினலை விடப் பல மடங்கு பெருசாகலாம், டிஸ்க்ல இடம் பாத்துக்கோ.

பெரம்பூர் அக்கா ஒருத்தங்க மேக் வச்சிருக்காங்களாம். அக்கா, ஐமூவி உங்க மிஷின்லயே சும்மா கிடைக்கும், முதல்ல அதைத் திறங்க. இந்த இழை உங்களுக்கு இல்ல.

12-08-2025

போன்லயே பண்ணா என்னன்னு தம்பி கேட்டிருக்கான்.

பண்ணலாம். எல்லாரும் சொல்ற கேப்கட் டிக்டாக் கம்பெனியோடது, இந்தியாவுல ஸ்டோர்ல கிடையாது. ஸ்டோருக்கு வெளிய எங்கேயோ இருந்து ஏபிகே (ஆப் ஃபைல்) இறக்கிப் போடறவங்க இருக்காங்க. 5-ஆம் தேதிக் கதையைத் திரும்பப் படி. விவாவீடியோ 2020 ஜூன்லயே அரசாங்கம் தடை பண்ண அந்த 59 ஆப் லிஸ்ட்ல போயிடுச்சு. கைன்மாஸ்டர் கொரியாக்காரங்களோடது, நல்லா இருக்கும், இலவசத்துல மூலைல அவங்க பேர் வரும். இன்ஷாட்டும் அப்படித்தான்.

நான் காசு கொடுத்து ஏமாந்ததும் போன் ஆப்லதான், பேர் சொல்லல. மூணு நாள் இலவசம்னு போட்டிருந்துச்சு. பாத்துட்டு பிடிக்காம ஆப்பை டெலீட் பண்ணிட்டேன். ஆப் போச்சு, சந்தா போகல. ஒரு வருஷக் காசை மொத்தமா உருவிடுச்சு. டெலீட் பண்றதும் சந்தாவை ரத்து பண்றதும் வேற வேற. பிளே ஸ்டோர்ல சப்ஸ்கிரிப்ஷன்னு ஒரு இடம் இருக்கு, யுபிஐ ஆப்ல ஆட்டோபேன்னு ஒரு இடம் இருக்கு. ரெண்டையும் இன்னிக்கே போய்ப் பாரு. மறந்து போன ஏதாவது ஒண்ணு அங்க குந்திக்கிட்டு இருக்கும்.

15-08-2025, வெள்ளி

இன்னிக்கு லீவு, மன்றத்துல மேட்ச். எடுத்துட்டு வந்து பாத்தா போர்டு மேல கருப்புப் பட்டை மேல இருந்து கீழ உருண்டுக்கிட்டே இருக்கு. இதுக்கும் சாஃப்ட்வேர்ல ஃபில்டர் தேடற ஆளா இருந்தேன் நான், ஒரு காலத்துல.

எங்க மன்றத்துல போர்டுக்கு மேல கூம்பு மூடி போட்ட 100 வாட் குண்டு பல்பு தொங்கும். மஞ்சள் வெளிச்சம், சூடு, ஆனா வீடியோவுல பட்டை வராது. பல்புக்குள்ள இருக்கற கம்பி சூட்டுலயே இருக்கும், கரண்ட் ஏறி இறங்கினாலும் வெளிச்சம் சட்டுனு மங்காது. போன வருஷம் விலை கம்மியா ஒரு எல்இடி வாங்கி மாட்டினாங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால மட்டமான எல்இடியும் பழைய டியூப்லைட்டும் செகண்டுக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது. கேமராவோட ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் வாங்கற நேரம்) அந்தத் தாளத்தோட ஒத்துப் போகலைன்னா பட்டையாத் தெரியும்.

ஷட்டரை 1/50 இல்லன்னா 1/100 செகண்ட்ல வச்சா அடங்கிடும். 1/60, 1/120 எல்லாம் 60 ஹெர்ட்ஸ் கரண்ட் இருக்கற அமெரிக்காவுக்குப் பொருந்தற கணக்கு. நம்ம போன்ல வர்ற கேமரா ஆப்ல ஷட்டரைத் தொட விடலைன்னா ஓப்பன் கேமரான்னு ஒரு இலவச ஆப், ஆண்ட்ராய்டுக்கு. அதுல ஆன்டிபேண்டிங்னு, பட்டையைத் தடுக்கற செட்டிங் இருக்கும், 50ன்னு வை. ரிசால்வ் கம்பெனியே பிளாக்மேஜிக் கேமரான்னு ஒரு ஆப் இலவசமா விட்டிருக்காங்க, ஐபோனுக்கு 2023ல, ஆண்ட்ராய்டுக்கு 2024ல. எல்லா ஆண்ட்ராய்டுலயும் போடாது.

உனக்கு சாயங்கால மேட்ச்ல விளக்கு போட்டப்புறம் இந்த வம்பு வரும். பகல் வெயில்ல வராது.

17-08-2025

நேத்து பத்து தடவை அழிச்சு எழுதின குறிப்பு இது. கேடென்லைவ், ஷாட்கட்னு பெருசா எழுதிட்டேன். உண்மையில என் ஞாயித்துக்கிழமை வேலைல முக்கால்வாசி அதுல நடக்கறதில்ல.

மூணு மணி நேரம் எடுப்பேன். 1080பி, 30 ஃபிரேம்னா மணிக்கு ஏழெட்டு ஜிபி. அதுல ஆட்டம் ஒன்றரை மணி நேரம் இருந்தாப் பெருசு. மீதி? பவுடர் போடறது, டீ வர்றது, "ஃபாலோ போட்டியா இல்லையா"ன்னு சண்டை. அதைத் தூக்கிப் போடறதுக்கு லாஸ்லெஸ்கட்னு ஒரு சாஃப்ட்வேர். வெட்டும், அவ்ளோதான். ஆனா ரெண்டர் பண்ணாது, வீடியோவைத் திரும்ப அரைக்காம அப்படியே துண்டு போடும். மூணு மணி நேர ஃபைலைச் சில நிமிஷத்துல அறுத்துக் கொடுத்துடும், உன் ஐ3லயே. தரமும் குறையாது.

ஒரே குறை, நீ சொன்ன அதே ஃபிரேம்ல வெட்டாது. வீடியோவுல முழுப் படமா இருக்கற கீஃபிரேம் எங்க இருக்கோ அங்கதான் ஆரம்பிக்க முடியும். போன் வீடியோவுல கொஞ்சம் முன்னே பின்னே போகும். அதனால ரெண்டு செகண்ட் தாராளமா விட்டு வெட்டு. அப்புறம் அந்தச் சின்னத் துண்டுகளை மட்டும் ஹேண்ட்பிரேக்ல மாத்தி, ஷாட்கட்ல போட்டு நுணுக்கமா வெட்டிக்கலாம். 9-ஆம் தேதி முழு ஃபைலையும் ராத்திரி பூரா மாத்தச் சொன்னேன் பாரு, அதை இப்படித் திருத்திக்கோ: முதல்ல அறு, அப்புறம் மாத்து. கரண்ட் பில்லாவது மிஞ்சும்.

24-08-2025, ஞாயிறு

தமிழ் டைட்டில். "கொருக்குப்பேட்டை"ன்னு அடிச்சா கொம்பு தனியா, 'க' தனியா, கால் தனியா, நடுவுல ஒரு புள்ளி வட்டம். எந்த சாஃப்ட்வேர்ல வந்துச்சுன்னு சொல்லல, பல இடத்துல பாத்திருக்கேன். 'கொ' கம்ப்யூட்டருக்கு ரெண்டு குறியீடு, 'க' ஒண்ணு, ஒகரக் குறி ஒண்ணு. அந்தக் குறியை ரெண்டாப் பிரிச்சு எழுத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் வைக்கத் தெரிஞ்ச சாஃப்ட்வேரா இருக்கணும். தெரியலைன்னா இப்படிக் கொத்துக்கறிதான். கேடென்லைவ்ல எனக்கு ஒழுங்கா வருது. அடோபி பிரீமியர் வச்சிருக்கறவங்க செட்டிங்ஸ்ல தெற்காசிய எழுத்துக்குன்னு தனியா ஒரு தேர்வு இருக்கு, அதை மாத்தணும்.

எதுலயும் வரலைன்னா, இங்க்ஸ்கேப்னு ஒரு இலவச வரையற சாஃப்ட்வேர்ல எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமா எடுத்து டைம்லைன்ல மேல வை. அது படம், எவனாலயும் பிரிக்க முடியாது. ஃபாண்ட்டுக்கும் காசு வேணாம்: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், கொஞ்சம் குண்டா வேணும்னா பாலு தம்பி. எல்லாமே சும்மா எடுத்துக்கலாம்.

பின்னணிக்கு சினிமாப் பாட்டு போடலாமான்னு கேட்டிருந்த. போட்டா யூடியூப்ல உரிமைக்காரங்க கோரிக்கை வந்து நிக்கும். யூடியூப்லயே ஆடியோ லைப்ரரின்னு இலவச இசை இருக்கு. என்னைக் கேட்டா அதுவும் வேணாம். வியாசர்பாடி கிரவுண்டு ஓரத்துல நின்னு கத்தறவங்க சத்தம் இருக்கே, அதை அமுக்கிட்டு எதுக்கு ஒரு கிடார்?

07-09-2025, ஞாயிறு

மிக்ஸிங்னு ஏன் சொல்றீங்க, எடிட்டிங்தானேன்னு ஒரு சின்னப் பையன் கேட்டான். எனக்கு அதான் வாயில வருது. 2004ல தங்கசாலைப் பக்கம் ஒரு மிக்ஸிங் சென்டர்ல ஒரு வருஷம் எடுபிடி நான். கல்யாண வீடியோ மினி டிவி (MiniDV) கேசட்ல வரும், ஒரு கேசட் ஒரு மணி நேரம். அதைக் கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தறதுக்கும் ஒரு மணி நேரம், ஓட ஓடத்தான் ஏறும். மணிக்கு 13 ஜிபி. ஹார்டு டிஸ்க் 80 ஜிபி. ஒரு கல்யாணத்தை முடிச்சு அழிச்சாத்தான் அடுத்த கல்யாணத்துக்கு இடம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க டெலிவரி எடுக்க லேட் பண்ணா முதலாளிக்கு பிபி ஏறும்.

சாஃப்ட்வேரைத் திறக்க சாவி மாதிரி ஒரு டாங்கிள் கம்ப்யூட்டர்ல செருகணும், கட்டைவிரல் சைஸ். அது தொலைஞ்சா திரும்ப முழு விலை. முதலாளி ராத்திரி வீட்டுக்குப் போறப்ப அதை எடுத்துட்டுப் போய் பீரோவுல, அந்தம்மா நகை டப்பாக்குள்ள வச்சுப் பூட்டுவார். ஒருநாள் அந்தம்மா பீரோ சாவியோட ஊருக்குப் போயிட்டாங்க. மூணு நாள் கடையில வேலை நடக்கல.

அங்க கத்துக்கிட்டது தாமரை விரிஞ்சு பொண்ணு மாப்பிள்ளை வெளிய வர்றதும், இதய வடிவத்துல தாலி கட்டறதும். இப்ப கேடென்லைவ்ல எஃபெக்ட் லிஸ்ட்டைத் திறந்தா கை அரிக்கும், மூடிடுவேன்.

14-10-2025

ரொம்ப நாளா வரல. இன்னியோட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடியுது. என் ஏழாவது தலைமுறை ஐ5ல 11 ஏறாது, எட்டாவதுல இருந்துதான் பொதுவா ஏத்துக்கறாங்க. தம்பி உன்னுது பத்தாவது தலைமுறைன்னு அப்புறமா சொன்ன, உனக்குக் கவலை இல்ல.

நான் லினக்ஸ் மின்ட் போட்டுட்டேன். கேடென்லைவ், ஷாட்கட், ஹேண்ட்பிரேக், லாஸ்லெஸ்கட் எல்லாம் அங்கயும் அப்படியே இருக்கு, வீடு மாறினாலும் அதே டீக்கடை. ரிசால்வ் லினக்ஸ்லயும் உண்டு, ஆனா இலவசப் பதிப்பு நம்ம போன் எடுக்கற எச்.264 எம்பி4-ஐ நேரா எடுத்துக்காது. வேற வடிவத்துக்கு மாத்திக் கொடுக்கணும். முதல் நாள் நான் ரிசால்வ்னு ஆரம்பிச்சதை நினைச்சா சிரிப்பு வருது.

இதுவரைக்கும் நான் உருப்படியாச் செலவு பண்ணதையும் எழுதிடறேன். 8 ஜிபி ராம் ஒண்ணு கூடுதலா, 480 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு, சட்டையில குத்தற மைக் ஒண்ணு. மூணும் சேர்த்து ஆறாயிரத்துக்குள்ள முடிஞ்சது. மைக்கை போர்டு ஸ்டாண்டுக்கு அடியில டேப் போட்டு ஒட்டியிருக்கேன். காய் உருண்டு வலைக்குள்ள இறங்கற சத்தம் வரைக்கும் வருது.

19-10-2025, ஞாயிறு

மழை ஆரம்பிச்சாச்சு. இதை எழுதாம விட்டா மனசு கேக்காது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி. வீட்டுக்குள்ள வந்ததும் அரிசி, கேஸ், பொண்ணு புஸ்தகம், டிவி எல்லாத்தையும் கட்டில் மேல ஏத்தினோம். ஹார்டு டிஸ்க் ரெண்டும் பீரோவோட அடித்தட்டுல. ஞாபகமே வரல. தண்ணி வடிஞ்சப்புறம் எடுத்து அரிசி டப்பாக்குள்ள போட்டு வச்சேன், ஈரத்தை உறிஞ்சும்னு எவனோ சொன்னான். அரிசிதான் வீணாப் போச்சு. 2015ல இருந்து 2019 வரைக்கும் எடுத்த மேட்ச் முழுக்க அதுல. அதுல விளையாடின பெரியவங்கள்ல மூணு பேர் இப்ப இல்ல. யூடியூப்ல அரைகுறையா ஏத்தி வச்ச துண்டுங்க மட்டும்தான் மிச்சம். அதையும் இன்னா இவ்ளோ மோசமா எக்ஸ்போர்ட் பண்ணியிருக்கோம்னு ஒரு காலத்துல அழிக்கலாம்னு இருந்தேன்.

எந்த சாஃப்ட்வேர்னு ரெண்டு மாசமாப் பேசறோம். ஒரிஜினல் ஃபைல் ரெண்டு இடத்துல இருக்கான்னு நான் உன்னை ஒரு தடவை கூடக் கேக்கல. ஒண்ணு உன் வீட்டுல, இன்னொண்ணு மாடி வீட்டுல இருக்கற யார்கிட்டயாவது. என்னுது இப்ப மூணாவது மாடியில என் தங்கச்சி வீட்டுல இருக்கு. புது மேட்ச் கொண்டு போய்க் கொடுக்கறப்பல்லாம் அவ ஒரு டீ போட்டுக் கொடுத்துட்டு, "அண்ணே, இந்த டப்பாவுக்கு வாடகை எப்ப?"ன்னு கேப்பா.

26-10-2025

சின்ன சந்தோஷம். புதுவண்ணாரப்பேட்டை காசிமா போன வருஷம் நவம்பர்ல அமெரிக்காவுல உலகக் கோப்பை கேரம்ல மூணு தங்கம் ஜெயிச்சதுல இருந்து எங்க மன்றத்துக்கும் பெண் பிள்ளைங்க வர ஆரம்பிச்சிருக்கு. முன்னாடி வாசல்ல கூட நிக்க மாட்டாங்க. இன்னிக்கு ஒரு பத்து வயசுப் பொண்ணு, தேர்டு பாக்கெட்ல ஒரு கட் அடிச்சுது. ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருந்த வெள்ளையை, ஸ்ட்ரைக்கர் முனை மட்டும் தொட்டு. ஷாட்கட்ல ஒவ்வொரு ஃபிரேமா நகர்த்திப் பாத்தேன். ஒரு ஃபிரேம்ல ஸ்ட்ரைக்கர் வருது, அடுத்த ஃபிரேம்ல காய் கிளம்பியாச்சு. தொட்ட கணம் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ போயிடுச்சு. 60 ஃபிரேம்ல எடுத்திருக்கணும்.

அவங்க அம்மாவுக்கு அந்தத் துண்டை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பினேன், டாக்குமென்ட்டா. வீடியோவா அனுப்பினா நசுக்கிடும். பன்னெண்டு செகண்ட், ஒரு வெட்டு கூட இல்ல.

09-11-2025, ஞாயிறு

தம்பி வீடியோவைப் போட்டுட்டான். வியாசர்பாடி, நாலு நிமிஷம் பத்து செகண்ட். லாஸ்லெஸ்கட்ல அறுத்து ஷாட்கட்ல ஒட்டினானாம். ரெண்டர் பண்றப்ப பாதியில கரண்ட் போய், லேப்டாப் பேட்டரில மீதி ஓடுச்சாம்.

மூணு தடவை பாத்தேன். கால் பந்துல படற அதே இடத்துல சத்தம் விழுது, கடைசி கோல் வரைக்கும் விலகல. டைட்டில்ல 'வியாசர்பாடி' பிரியாம நிக்குது. பாட்டு போடாம விட்டிருக்கான், ஓரத்துல ஒரு தாத்தா "லெஃப்ட்ல விடுறா, லெஃப்ட்ல"ன்னு கத்தறது முழுசா இருக்கு. விடல, ரைட்லயே அடிச்சு அவுட்.

வீடியோவுல 3:20க்கு மேல, விளக்கு போட்டப்புறம் பட்டை உருளுது. ஷட்டர், தம்பி. 1/100.